வழுக்கி விழுந்தபின் வரும் இடுப்பு வலி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் எங்கள் ஊர் பிசியோதெரபி அறையில் கூட்டம் கூடிவிடும். பாசி பிடித்த கிணற்றடி, நனைந்த மாடிப்படி, சோப்பு நுரை காயாத குளியலறை, சேற்றில் சறுக்கிய பைக் என்று ஆளுக்கு ஒரு கதை. வலி மட்டும் எல்லோருக்கும் ஒரே இடத்தில், முதுகின் அடியில், இடுப்பை ஒட்டி. வருகிறவர்களில் பலர் இரண்டு தவறுகளில் ஒன்றைச் செய்துவிட்டுத்தான் வருகிறார்கள். எலும்பையும் நரம்பையும் பரிசோதிக்காமலே உருவி விட்டுக்கொண்டு வருவார்கள். அல்லது, எலும்புக்கு ஒன்றும் இல்லை என்று தெரிந்தபிறகும் பயந்துபோய் ஒரு மாதம் படுத்துக் கிடந்துவிட்டு வருவார்கள். அவர்களும் அவர்கள் வீட்டாரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே எழுதியிருக்கிறேன்.

விழுந்தவரை உடனே தூக்கி உட்கார வைக்கலாமா?

ஒரு நிமிடம் பொறுங்கள். யாராவது விழுந்தால் ஓடிப்போய்க் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்குவதுதான் நம் வழக்கம். பாசத்தில் செய்வதுதான், ஆனால் முதுகெலும்பு முறிந்திருந்தால் அந்த ஒரு இழுப்பு போதும், நிலைமை மோசமாகிவிடும். அவர் கிடக்கும் இடத்திலேயே பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். தலையில் அடிபட்டதா? இரண்டு கால் விரல்களையும் ஆட்ட முடிகிறதா? கால் மரத்த மாதிரி இருக்கிறதா? முதுகின் நடுவில் எலும்பு மேலேயே வலிக்கிறதா, பக்கத்துச் சதையில் வலிக்கிறதா?

மரத்திலிருந்தோ கூரையிலிருந்தோ சாரத்திலிருந்தோ விழுந்தவர், வண்டியிலிருந்து தூக்கி எறியப்பட்டவர், கால் அசைக்க முடியாதவர் என்றால் அசைக்கவே வேண்டாம், 108-ஐ அழையுங்கள். ஆட்டோவில் மடக்கி உட்கார வைத்துக் கொண்டுபோவது ஆபத்து. கிடந்தவாக்கிலேயே, தலை, தோள், இடுப்பு, கால் எல்லாம் ஒரே மரக்கட்டை போல ஒன்றாகத் திரும்பும்படி நாலு பேர் சேர்ந்து புரட்டிப் பலகையில் ஏற்ற வேண்டும். ஆம்புலன்ஸில் வருகிறவர்களுக்கு அந்தப் பயிற்சி உண்டு.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். உயரத்திலிருந்து விழுந்து பாதத்தில் இறங்கியவருக்குக் குதிகால் உடைந்தால் எல்லோர் கவனமும் குதிகாலுக்கே போய்விடும். அதே அதிர்ச்சி காலெலும்பு வழியாக ஏறி முதுகெலும்பையும் நசுக்கியிருக்கலாம். தென்னை, பனை ஏறுகிறவர்களுக்கும் கொத்தனார்களுக்கும் இது நேரும். குதிகால் முறிந்திருந்தால், முதுகையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

சாதாரணமாக வழுக்கி விழுந்தவர், மேலே சொன்ன எதுவும் இல்லை என்றால், அவரே எழட்டும். ஒருக்களித்துத் திரும்பி, கையும் முழங்காலும் ஊன்றி, ஒரு நாற்காலியைப் பிடித்து மெதுவாக எழலாம். நீங்கள் பக்கத்தில் இருந்தால் போதும்.

எப்போது காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

முதுகெலும்புக் கால்வாயின் அடிப்பகுதியில் நரம்புகள் குதிரை வால் மாதிரி கற்றையாகத் தொங்குகின்றன. மருத்துவத்தில் அதன் பெயரே குதிரை வால் என்ற பொருள்படும் லத்தீன் பெயர்தான். சிறுநீர், மலம், கால்களின் பலம் எல்லாம் அந்தக் கற்றையின் பொறுப்பு. விலகிய டிஸ்க்கோ (முள்ளெலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருப்பது) உடைந்த எலும்போ ரத்தக்கட்டோ அதை நசுக்கினால், சிறுநீர் முட்டிக்கொண்டு நிற்கும், வராது. அல்லது தெரியாமல் ஒழுகும். சைக்கிள் சீட்டில் படும் இடம், அதாவது தொடை இடுக்கு, ஆசனவாயைச் சுற்றிய பகுதி மரத்துப்போகும். மலம் கட்டுப்படாது. இரண்டு கால்களும் துவளும். இவற்றில் ஒன்று வந்தாலும் அது அவசரம். அன்றைக்கே, மணிக்கணக்கைப் பார்த்து, எம்.ஆர்.ஐ எடுத்து அறுவை சிகிச்சை செய்கிற ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தாமதித்தால் போன சுரணை திரும்பாமலே போகலாம். வெட்கப்பட்டு இந்த அறிகுறிகளைச் சொல்லாமல் இருந்துவிடுகிறார்கள், குறிப்பாகப் பெண்கள். தயவுசெய்து சொல்லுங்கள், வீட்டில் கேளுங்கள்.

இவை தவிர, பாதம் தூக்க வராமல் இழுபட்டால், சிறுநீரில் ரத்தம் தெரிந்தால் (விலாவுக்குக் கீழே அடிபட்டால் சிறுநீரகமும் அடிபடலாம்), வயிறு வலித்து மயக்கம் வந்தால், காய்ச்சலோடு முதுகு வலித்தால் அன்றே காட்டுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், கர்ப்பிணிகள், ஆஸ்துமாவுக்கோ மூட்டு வலிக்கோ பல மாதங்கள் ஸ்டீராய்டு மாத்திரை எடுத்தவர்கள், முன்பு புற்றுநோய் வந்தவர்கள், அறுபதைத் தாண்டியவர்கள் எல்லோரும் சின்ன விழுகை என்றாலும் ஒரு முறை மருத்துவரைப் பார்த்துவிடுவது நல்லது.

விழுந்தபோது வலிக்கவே இல்லை. மறுநாள் காலையில் திரும்பிப் படுக்கக்கூட முடியவில்லை. ஏன்?

இது பலருக்கும் நடப்பது. விழுந்த நேரத்தில் உடம்பு பதற்றத்தில் வலியை அமுக்கி வைக்கிறது. இரவில் அடிபட்ட தசையிலும் தசைநாரிலும் வீக்கம் சேர்கிறது, சுற்றியுள்ள தசைகள் அந்த இடத்தைக் காப்பாற்ற இறுகிப் பிடித்துக்கொள்கின்றன. நாம் பிடிப்பு என்று சொல்வது அதைத்தான். இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் முதல் நாளைவிட மோசமாக இருப்பதால் மட்டும் உள்ளே ஏதோ உடைந்துவிட்டது என்று ஆகிவிடாது. மேலே சொன்ன அபாய அறிகுறிகள் இருக்கின்றனவா என்று மட்டும் மறுபடி ஒரு முறை பாருங்கள்.

எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்றார்கள். வலி மட்டும் போகவே இல்லையே?

இதற்கு என் அம்மாவின் கதையைச் சொல்கிறேன்.

அம்மாவுக்கு அப்போது 66 வயது. துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் வழுக்கி, அப்படியே பின்பக்கம் தரையில் பட உட்கார்ந்துவிட்டார். அன்றே எக்ஸ்ரே எடுத்தோம். எலும்பு நன்றாக இருக்கிறது என்றார்கள், நானும் படத்தைப் பார்த்தேன், எனக்கும் ஒன்றும் தெரியவில்லை. தசைப்பிடிப்புதான் என்று ஒத்தடம் கொடுத்தேன், நடக்க வைத்தேன், முன்னால் குனியும் பயிற்சிகூடச் சொல்லிக்கொடுத்தேன். படுத்தால் அம்மாவுக்கு வலி இல்லை. உட்கார்ந்தாலும் நின்றாலும், முக்கியமாகப் படுக்கையில் இருந்து எழும்போதும், நடு முதுகெலும்பில் ஆணி அடித்த மாதிரி இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மூன்று வாரம் கழித்து எம்.ஆர்.ஐ எடுத்தபோது, முதுகும் இடுப்பும் சேரும் இடத்தில் உள்ள முள்ளெலும்பு நசுங்கியிருந்தது. அந்த மூன்று வாரத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு மனசு கனக்கும்.

எலும்பு மெலிந்தவர்களுக்கு வரும் நசுங்கல் முறிவு முதல் நாள் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம். எலும்பின் உயரம் குறைந்தால்தான் எக்ஸ்ரேயில் பளிச்சென்று தெரியும், அது நாள்பட நாள்படத்தான் அமுங்கும். எம்.ஆர்.ஐ எலும்புக்குள் இருக்கும் நீர்க்கோர்வையையே காட்டிவிடும் என்பதால் புது முறிவு அதில் தப்பாது. ஆகவே அறுபது தாண்டியவர்கள், மாதவிடாய் நின்ற பெண்கள், ஸ்டீராய்டு எடுத்தவர்கள், எக்ஸ்ரே நன்றாக இருந்தும் முதுகு நடு எலும்பைத் தட்டினால் வலித்தால், பத்து நாளில் குறையவில்லை என்றால், திரும்பப் போய்க் கேளுங்கள். 'இன்னொரு எக்ஸ்ரே எடுக்கலாமா, எம்.ஆர்.ஐ வேண்டுமா' என்று நேரடியாகவே கேட்கலாம்.

அம்மாவுக்கு அறுவை சிகிச்சை தேவைப்படவில்லை. நரம்பு நசுங்காத இந்த வகை முறிவு பெரும்பாலும் இரண்டு மூன்று மாதத்தில் தானாகவே கூடிவிடும். சில வாரம் முதுகைத் தாங்கும் பட்டை, வலி மாத்திரை, வீட்டுக்குள் நடை. குனிவது, முறுக்குவது, எடை தூக்குவது கிடையாது. அதைவிட முக்கியம், எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா பரிசோதனை. அதில் டி-ஸ்கோர் மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே வந்தால் எலும்பு மெலிவு நோய் என்று பொருள். லேசாக விழுந்தே முதுகெலும்பு நசுங்கியிருந்தால், அந்த எண் எதுவாக இருந்தாலும் எலும்பு மெலிவுக்குச் சிகிச்சை தேவையா என்று மருத்துவரிடம் கேட்டாக வேண்டும். ஒரு முறை நசுங்கியவருக்கு அடுத்த எலும்பும் நசுங்க வாய்ப்பு அதிகம்.

எம்.ஆர்.ஐயில் டிஸ்க் புடைத்திருக்கிறது, தேய்ந்திருக்கிறது என்று எழுதியிருக்கிறது. விழுந்ததால் வந்ததா?

பெரும்பாலும் விழுவதற்கு முன்பே இருந்ததாகத்தான் இருக்கும். முதுகு வலியே இல்லாதவர்களுக்கு எடுத்த ஸ்கேன்களைத் தொகுத்து 2015-இல் ஒரு ஆய்வு வந்தது. வலி இல்லாத இருபது வயதுக்காரர்களிலேயே 30 சதவீதம் பேருக்கு டிஸ்க் புடைப்பு இருந்தது. ஐம்பது வயதில் 60 சதவீதம். டிஸ்க் தேய்மானம் ஐம்பது வயதில் 80 சதவீதம். நரை மாதிரி அது வயதோடு வருவது. ரிப்போர்ட்டில் உள்ள வரிகளைப் படித்துவிட்டுத் தூக்கம் கெட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கால் பலம், சுரணை, அனிச்சை இவற்றை மருத்துவர் கையால் சோதித்துப் பார்த்து, அதோடு ஸ்கேன் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். காகிதத்துக்கு வைத்தியம் பார்க்கக் கூடாது.

எத்தனை நாள் படுத்திருக்க வேண்டும்?

முறிவும் நரம்புச் சிக்கலும் இல்லை என்று ஆனபின், முடிந்தவரை குறைவாக. வலி தாங்கவில்லை என்றால் ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள். அதுவும் நாள் முழுக்க அல்ல, அரைமணி, ஒரு மணி நேரம் படுத்து, எழுந்து நாலு எட்டு நடந்து, திரும்பப் படுப்பது.

'இடுப்புல அடிபட்டா இருபத்தோரு நாள் அசையக் கூடாது' என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. முறிவுக்குச் சொன்னது எல்லா வலிக்கும் சட்டமாகிவிட்டது என்று நினைக்கிறேன். 1986-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆய்வில், இடுப்பு வலிக்காரர்களில் ஒரு பிரிவினரை இரண்டு நாளும் இன்னொரு பிரிவினரை ஏழு நாளும் படுக்கச் சொன்னார்கள். ஏழு நாள் படுத்தவர்களுக்குக் கூடுதலாக எந்த நன்மையும் இல்லை. இரண்டு நாள்காரர்கள் வேலைக்குப் போகாமல் இருந்த நாள்கள் 45 சதவீதம் குறைவு. 1995-இல் ஹெல்சிங்கி நகராட்சி ஊழியர்களிடம் செய்த ஆய்வில் இன்னும் தெளிவாகத் தெரிந்தது. படுக்கச் சொன்னவர்கள், முதுகுப் பயிற்சி செய்யச் சொன்னவர்கள், வலி பொறுக்கும் அளவுக்கு வழக்கமான வேலையைச் செய்யச் சொன்னவர்கள் என்ற மூன்று பிரிவில், கடைசிப் பிரிவினர்தான் சீக்கிரம் தேறினார்கள். இந்த ஆய்வுகள் சாதாரண இடுப்பு வலிக்கு நடந்தவை, முறிவு உள்ளவர்களுக்கு அல்ல. அதனால்தான் முதலில் எலும்பு, நரம்பு என்று இவ்வளவு நேரம் பேசினேன்.

வாரக்கணக்கில் படுத்தால் முதுகைத் தாங்கும் தசை மெலியும், மலம் இறுகும், வயதானவர்களுக்குக் கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறையும், சளி கட்டும். எல்லாவற்றையும்விட, பயம் வேர்விடும்.

படுப்பதும் எழுவதும்தான் பெரிய வேதனை. சுலபமான வழி உண்டா?

உண்டு. மல்லாந்து படுத்த நிலையிலிருந்து நேராக எழுந்து உட்காராதீர்கள். இரண்டு முழங்காலையும் மடக்கி, தோளும் இடுப்பும் ஒன்றாகத் திரும்பும்படி ஒருக்களியுங்கள். கால்களைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிடும் அதே நேரத்தில் கையை ஊன்றி உடம்பைத் தூக்குங்கள். கால் கீழே போகும் எடையே உடம்பை மேலே கொண்டுவந்துவிடும். படுக்கும்போது இதையே தலைகீழாகச் செய்ய வேண்டும். ஒரு நாள் பழகினால் போதும், வலி பாதியாகக் குறைந்தது என்று சொல்வார்கள்.

மல்லாந்து படுத்தால் முழங்காலுக்கு அடியில் தலையணை, ஒருக்களித்தால் இரண்டு முழங்காலுக்கு நடுவில் தலையணை. பாயில் படுக்கலாமா என்று கேட்கிறார்கள். பாயில் தவறு இல்லை, ஆனால் தரையிலிருந்து எழுவது முதல் இரண்டு வாரம் கொடுமை. அதுவரை கட்டிலில் படுங்கள். குழிவிழுந்த பஞ்சு மெத்தையைவிடத் தேங்காய் நார் மெத்தை நல்லது. வெறும் மரப்பலகையில் படுக்க வேண்டியதில்லை.

தும்மலும் இருமலும் வரும்போது சுவரிலோ மேசையிலோ கையை ஊன்றி, முதுகைக் கூனாமல் நிமிர்த்தி வைத்துக்கொள்ளுங்கள்.

ஐஸ் வைப்பதா, வெந்நீர் ஒத்தடமா?

முதல் இரண்டு நாள் வீக்கமும் கன்றலும் இருந்தால் ஐஸ், துணியில் சுற்றி, பத்துப் பதினைந்து நிமிடம். அதன்பின் சூடு. வெந்நீர்ப் பை, வறுத்த கல் உப்பு மூட்டை, நொச்சி இலை ஒத்தடம் எது கிடைத்தாலும் சரி, பிடித்த தசை தளரும். சர்க்கரை நோயால் சுரணை குறைந்தவர்கள் சூட்டை வேறொருவர் கையில் பார்த்துவிட்டு வைக்க வேண்டும். கொப்புளத்தோடு வந்தவர்கள் உண்டு.

சுளுக்கு எடுக்கலாமா? புத்தூர் கட்டு போடலாமா?

முறிவு இல்லை என்று தெரியும் முன் யாரையும் முதுகில் கை வைக்க விடாதீர்கள். குப்புறப் படுக்க வைத்து மிதிப்பது, இடுப்பை முறுக்கிச் சொடக்கு எடுப்பது, தோளில் தூக்கி உதறுவது ஆகியவற்றை முறிவு இருக்கும் முதுகு தாங்காது. புத்தூர் கட்டு மீது நம் மக்களுக்கு எவ்வளவு நம்பிக்கை என்று எனக்குத் தெரியும், கை கால் முறிவுக்கு அங்கே போனவர்கள் என் வீட்டிலும் உண்டு. ஆனால் முதுகெலும்புக்குள் நரம்புக் கற்றை ஓடுகிறது, அது கை கால் எலும்பு மாதிரி அல்ல. படம் எடுத்துப் பார்க்காமல் அதைத் தொடவே கூடாது.

எலும்பு நன்றாக இருக்கிறது, சதை வலிதான் என்று ஆனபின், தைலம் தேய்த்து இதமாகத் தடவிக்கொடுப்பதில் தப்பில்லை. அது சுகம் தரும், தூக்கம் வரும். அதுவும் மருந்துதான்.

வலி மாத்திரை சாப்பிடலாமா? எவ்வளவு நாள்?

மாத்திரையால் எழுந்து நடக்க முடிந்தால், அதன் வேலை முடிந்தது. குணமாவதை அது சீக்கிரப்படுத்தாது. 2014-இல் ஆஸ்திரேலியாவில் 1,600-க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த ஆய்வில், பாராசிட்டமால் சாப்பிட்டவர்கள் தேற 17 நாள், மருந்தில்லாத வெறும் மாத்திரை சாப்பிட்டவர்கள் தேற 16 நாள். இரண்டும் ஒன்றுதான். இதில் எனக்குப் பிடித்த செய்தி வேறு. எதைச் சாப்பிட்டாலும் பாதிப் பேர் இரண்டரை வாரத்தில் தேறிவிட்டார்கள்.

டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக் போன்றவை வலியை நன்றாகக் குறைக்கும். ஆனால் வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு, இதய நோய், ரத்தக் கொதிப்பு உள்ளவர்களுக்கு ஆபத்து. மெடிக்கலில் தாமாகவே வாங்கிப் பதினைந்து நாள் சாப்பிடுவதை நிறுத்துங்கள். இன்னொன்று, அந்த மாத்திரைகளில் பலவற்றில் பாராசிட்டமாலும் கலந்திருக்கிறது. அது தெரியாமல் காய்ச்சல் மாத்திரையையும் சேர்த்துச் சாப்பிட்டால் அளவு மீறும், கல்லீரல் கெடும். அட்டையைத் திருப்பிப் படியுங்கள். தசையைத் தளர்த்தும் மாத்திரை தூக்கம் தரும். இரவில் அதைச் சாப்பிட்டுவிட்டுப் பாத்ரூம் போக எழுந்த பெரியவர் மறுபடி விழுவார்.

இடுப்பு பெல்ட் போடலாமா?

முறிவுக்கு மருத்துவர் சொன்னால், சொன்ன காலம் வரை. சதை வலிக்கு, பயணத்திலும் நிற்கிற வேலையிலும் இரண்டு வாரம் போட்டுக்கொள்ளலாம், படுக்கும்போது கழற்றிவிடுங்கள். வருடக்கணக்கில் பெல்ட்டைக் கழற்றப் பயப்படுகிறவர்களுக்கு அதை விடவைப்பதே ஒரு தனி சிகிச்சையாகிவிடுகிறது.

எப்போது நடக்கலாம், என்ன பயிற்சி செய்யலாம்?

முறிவு இல்லாதவர்களுக்குச் சொல்கிறேன். முதல் மூன்று நாள் விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரத்திலும் ஒரு முறை எழுந்து வீட்டுக்குள் நடங்கள். நாலாம் நாளிலிருந்து தெருவில் ஐந்து நிமிடம், காலையும் மாலையும். இரண்டு நாளுக்கு ஒரு தடவை இரண்டு மூன்று நிமிடம் கூட்டுங்கள். கோயில் பிரகாரம் சுற்றுவது எனக்குப் பிடித்த யோசனை. தரை சமமாக இருக்கும், களைத்தால் திண்ணை இருக்கும், பேச்சுத்துணையும் இருக்கும். ஈரமான பிரகாரம் மட்டும் வேண்டாம்.

எவ்வளவு வலி வந்தால் நிறுத்துவது? நடக்கும்போது கொஞ்சம் வலி கூடுவது இயல்பு. மறுநாள் காலைக்குள் அது பழைய அளவுக்கு இறங்கிவிட்டால் நீங்கள் சரியான அளவில்தான் செய்கிறீர்கள். மறுநாளும் ஏறியே இருந்தால் அடுத்த நாள் பாதியாகக் குறையுங்கள், ஆனால் நிறுத்தாதீர்கள்.

முதல் வாரத்தில் படுத்தபடியே, முழங்காலை மடக்கி இரண்டு காலையும் சேர்த்து இடமும் வலமும் மெதுவாகச் சாய்ப்பது, ஒவ்வொரு முழங்காலாக நெஞ்சை நோக்கி இழுப்பது. இரண்டாம் வாரம், பாதத்தை ஊன்றி இடுப்பை மட்டும் பாலம் மாதிரி தூக்கி ஐந்து எண்ணும்வரை நிறுத்துவது, பத்துத் தடவை. பிறகு கையும் முழங்காலும் ஊன்றி, பூனை மாதிரி முதுகை வளைத்து இறக்குவது, அதே நிலையில் எதிரெதிர் கையையும் காலையும் நீட்டி நிறுத்துவது. எலும்பு நசுங்கியவர்கள் முன்னால் குனியும் எந்தப் பயிற்சியும் செய்யக் கூடாது. அவர்கள் பிசியோதெரபிஸ்ட்டை நேரில் பார்த்தே தொடங்க வேண்டும்.

வலி போனபிறகும் நடையை விடாதீர்கள். இடுப்பு வலி திரும்பி வரும் சுபாவம் உள்ளது. 2024-இல் ஆஸ்திரேலியாவில் வலியிலிருந்து தேறிய 701 பேரிடம் ஒரு ஆய்வு செய்தார்கள். வாரம் ஐந்து நாள், அரை மணி நேரம் என்ற இலக்கை நோக்கிப் படிப்படியாக நடந்தவர்களுக்கு வலி திரும்ப, நடுமதிப்பாக (பாதிப் பேருக்கு அதற்குள், மீதிப் பேருக்கு அதற்குப் பிறகு) 208 நாள் ஆனது. எதுவும் செய்யாதவர்களுக்கு 112 நாள். செருப்புச் செலவு தவிர வேறு செலவில்லாத வைத்தியம்.

வலி பின்தொடை வழியாகக் காலுக்கு இறங்குகிறது. ஆபரேஷன் வேண்டுமா?

முழங்காலுக்குக் கீழே, மின்சாரம் பாய்வது மாதிரி இறங்கினால் நரம்பு வேர் உறுத்தப்படுகிறது. ஆனாலும் பெரும்பாலானவர்களுக்கு ஆறு முதல் பன்னிரண்டு வாரத்தில் ஆபரேஷன் இல்லாமலே அடங்கிவிடும், விலகிய டிஸ்க் தானாகவே சுருங்குவதும் உண்டு. வாரத்துக்கு ஒரு தடவை குதிகாலாலும் நுனிக்காலாலும் நடந்து பாருங்கள். பலம் குறைந்துகொண்டே போனால், அல்லது பாதம் இழுத்தால், காத்திருக்காமல் காட்டுங்கள். வலி இடுப்பிலேயே கூடி, காலில் குறைந்துகொண்டே வந்தால் அது நல்ல அறிகுறி.

உட்கார்ந்தால் மட்டும் வால் எலும்பில் வலிக்கிறது.

பின்பக்கமாக உட்கார்ந்தவாக்கில் விழுந்தால் வால் எலும்பு அடிபடும். முறிந்திருந்தாலும் கட்டுப் போட வழியில்லை, தானாக ஆற வாரங்கள், சில சமயம் மாதங்கள் ஆகும். நடுவில் ஓட்டை உள்ள வளையத் தலையணையைவிடப் பின்பக்கம் வெட்டுள்ள ஆப்பு வடிவத் தலையணை உதவும். முன்னால் கொஞ்சம் சாய்ந்து உட்காருங்கள். மலம் இறுகாமல் கீரை, கொய்யா, நிறையத் தண்ணீர்.

வீட்டு வேலை, வண்டி, வேலைக்குப் போவது எல்லாம் எப்போது?

உட்கார்ந்து பார்க்கும் வேலை என்றால் ஒரு வாரத்தில், அரைமணிக்கு ஒரு தடவை எழுந்து நிற்கிற ஏற்பாட்டோடு போகலாம். மூட்டை தூக்குகிறவர்கள், வயலில் குனிந்து நாற்று நடுகிறவர்கள் நாலு முதல் ஆறு வாரம், முதலில் பாதி பாரம். அன்றாடக் கூலிக்குப் போகிறவர்களிடம் ஆறு வாரம் சும்மா இரு என்று சொல்வது எவ்வளவு கொடுமை என்று தெரியும். அவர்களோடு உட்கார்ந்து, எந்த வேலையை இப்போதே செய்யலாம் என்று யோசிப்பதுதான் என் வழக்கம். களை எடுக்க முடியாதவர் நின்றபடி நெல் தூற்றலாம், கொத்து வேலைக்காரர் சுவர் பூச்சில் இடுப்பு உயரப் பகுதியை எடுத்துக்கொள்ளலாம்.

நிறைந்த சிலிண்டர் ஏறக்குறைய 30 கிலோ. உள்ளே இருக்கும் எரிவாயு 14.2 கிலோ, மிச்சம் இரும்பு. அதைத் தூக்காதீர்கள், சாய்த்து உருட்டவும் இப்போது வேண்டாம். குடத்தை இடுப்பில் ஒரு பக்கம் வைப்பதைவிட இரண்டு கையிலும் பாதிப்பாதி வாளி. நின்று பெருக்க நீளக் கைப்பிடி உள்ள துடைப்பம். கோலம் போடுவதை இரண்டு வாரம் வீட்டில் வேறு யாராவது ஏற்றுக்கொள்ளட்டும். என் அனுபவத்தில், பெண்களின் முதுகு ஆறாமல் போவதற்குப் பாதிக் காரணம் மூன்றாம் நாளே அடுப்படி அவர்கள் தலையில் விழுவதுதான். வீட்டில் உள்ள ஆண்களும் பிள்ளைகளும் இந்தப் பத்தியைப் படிக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

இரு சக்கர வண்டியை, வலி யோசனை இல்லாமல் சட்டென்று பிரேக் அழுத்த முடியும்போது ஓட்டலாம். பின்னால் ஒருபக்கமாகக் கால்போட்டு உட்கார்வது முதுகை முறுக்கும், வேகத்தடை வரும்போது அதிர்ச்சி நேராக இடுப்புக்கே. பஸ்ஸில் கடைசி இருக்கை வேண்டாம்.

குத்துக்கால் வைத்து உட்காரும் கழிப்பறைதான் இருக்கிறது என்றால், அதன்மேல் வைக்கும் ஓட்டை நாற்காலி பிளாஸ்டிக்கில் மலிவாகவே கிடைக்கிறது. முதியவர்களுக்கு நிரந்தரமாகவே அது இருக்கட்டும்.

மூன்று மாதம் ஆகியும் வலிக்கிறது. ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்கிறார்கள். மனப்பிரமை என்கிறார்களே?

மனப்பிரமை இல்லை. உங்கள் வலி உண்மை. நடப்பது இதுதான்: காயம் ஆறியபின்னும் நரம்பு மண்டலம் எச்சரிக்கை மணியை நிறுத்தாமல் அடித்துக்கொண்டிருக்கிறது. திருட்டுப் போன வீட்டில் பூனை நடந்தாலும் விழித்துக்கொள்வோமே, அப்படி. தூக்கமின்மை, கவலை, மறுபடி விழுவோமோ என்ற பயம், வேலை போய்விடுமோ என்ற பதற்றம் எல்லாம் அந்த மணியை இன்னும் உரக்க அடிக்க வைக்கும். வலியுள்ள அசைவுகளைச் சிறிது சிறிதாகத் திரும்பச் செய்து, 'இது ஆபத்தில்லை' என்று உடம்புக்குக் கற்றுக்கொடுப்பதுதான் வழி. குனியப் பயந்த ஒரு அம்மாவுக்கு நான் முதலில் முக்காலியில் இருக்கும் டம்ளரை எடுக்கச் சொன்னேன். அடுத்த வாரம் அதற்கும் கீழே. இரண்டரை மாதத்தில் தரையில் உட்கார்ந்து பேத்திக்குச் சோறு ஊட்டினார்.

ஆனால் இரவில் மட்டும் கூடும் வலி, காரணமில்லாமல் எடை குறைவது, காய்ச்சல் இருந்தால் மறுபடி முழுப் பரிசோதனை வேண்டும்.

பிசியோதெரபிக்குத் தினமும் வர வசதியில்லை. வேறு வழி?

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், நடமாட முடியாதவர்களுக்கு வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தருகிறார்கள். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். நடக்க முடிகிறவர்கள் அரசு மருத்துவமனை பிசியோதெரபி பிரிவுக்குப் போய்ப் பயிற்சிகளைச் சரியாகக் கற்றுக்கொண்டு வந்து வீட்டில் செய்யலாம். தினமும் கரண்ட் வைத்துக்கொள்வதைவிட, தினமும் நீங்களே செய்கிற நடைக்கும் பயிற்சிக்கும் பலன் அதிகம்.

மறுபடி விழாமல் இருக்க?

முதலில், ஏன் விழுந்தீர்கள் என்று யோசியுங்கள். வழுக்கியதா, தலை சுற்றியதா? எழுந்தவுடன் தலை சுற்றினால் ரத்தக் கொதிப்பு மாத்திரையின் அளவை மருத்துவரிடம் காட்டுங்கள். கண்புரை இருக்கிறதா, சர்க்கரையால் பாதம் மரத்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

அடுத்து வீடு. அம்மா விழுந்த பிறகு எங்கள் வீட்டில் துவைக்கிற இடத்தில் சொரசொரப்பான கல் பதித்தோம், பாசியை வாரம் ஒரு முறை பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்க்கிறோம். குளியலறைச் சுவரில் எஃகுப் பிடிமானம், படுக்கையிலிருந்து பாத்ரூம் வரை இரவு விளக்கு. அடி தேய்ந்த ரப்பர் செருப்பைத் தூக்கிப் போட்டாயிற்று. அம்மா காலையில் கேழ்வரகுக் கூழ் குடிக்கிறார். 100 கிராம் கேழ்வரகில் ஏறக்குறைய 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. அதோடு மருத்துவர் கொடுத்த எலும்பு மருந்தும் வைட்டமின் டி-யும். இப்போது அவருக்கு 71 வயது. காலை ஆறரைக்குப் பெருமாள் கோயில் பிரகாரத்தைச் சுற்றப் போய்விடுவார். மழை நாளில் மட்டும் வீட்டு ஹாலுக்குள்ளேயே இருபது நிமிடம்.